பச்சை மை இல்லாத சர்டிபிகேட் செல்லுமா? டிஜிட்டல் கையெழுத்துக்கு ஜாமீன் யார்?

கங்கைகொண்டசோழபுரம்:
இ-சேவை மையத்தில் பணம் கட்டி வாங்கும் சாதிச் சான்றிலும் வருமானச் சான்றிலும் தாசில்தாரின் பச்சை மை கையெழுத்து இல்லை. ரப்பர் ஸ்டாம்பும் இல்லை. "இது செல்லுமா சார்?" என்று கேட்காதவர்கள் குறைவு.

செல்லும். 2000-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி அமலுக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம், டிஜிட்டல் கையெழுத்துக்கு பேனா கையெழுத்தின் மதிப்பைக் கொடுத்து விட்டது. ஆனால் அது தாசில்தார் போட்டதுதான் என்பதற்கு யார் பொறுப்பு? விஷயமே அங்குதான் இருக்கிறது.

ராஜாவின் முத்திரை

இந்த ஊரைத் தலைநகராக்கிய ராஜேந்திர சோழன் காலத்திலும் இதே பிரச்சினை உண்டு. 1905-ல் கிடைத்த அவரது திருவாலங்காடு செப்பேட்டில் 31 ஏடுகள். எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கோர்த்து, மேலே அரச முத்திரை. வளையத்தை உடைக்காமல் ஒரு ஏட்டை உருவவோ சொருகவோ முடியாது.

டிஜிட்டல் கையெழுத்தும் அப்படித்தான். பைலில் ஒரு எழுத்தை மாற்றினாலும் கையெழுத்து 'செல்லாது' என்று கம்ப்யூட்டர் காட்டிக் கொடுத்து விடும்.

நடுவில் நிற்கும் ஆள்

சோழ முத்திரை ஊருக்கே தெரியும். கம்ப்யூட்டர் கையெழுத்து யாருடையது என்று எப்படித் தெரியும்? பத்திரத்தில் சாட்சி கையெழுத்துப் போடுவது போல, இதற்கும் மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும். அவர்கள்தான் சான்றளிக்கும் நிறுவனங்கள். ஆளைச் சரிபார்த்து, 'இவர் இன்னார்தான்' என்று சான்று தருவது இவர்கள் வேலை. இவர்களுக்கு லைசென்ஸ் கொடுப்பது மத்திய அரசின் கட்டுப்பாட்டு அதிகாரி. முதல் லைசென்ஸ் 2002-ல் சென்னை சிஃபி நிறுவனத்தின் சேஃப்ஸ்கிரிப்ட்டுக்குக் கிடைத்தது.

வேலியே பயிரை மேய்ந்தால்?

நெதர்லாந்தில் அரசாங்கமே நம்பியிருந்த டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் 2011-ல் திருடர்கள் புகுந்தனர். 500-க்கும் மேற்பட்ட போலிச் சான்றுகள் வெளியேறின. நம்பிக்கை போனது. அதே செப்டம்பரில் கம்பெனி திவால்!

நம் நாட்டிலும் நடந்தது. 2014 ஜூலையில், மத்திய அரசின் என்.ஐ.சி. வழியாக கூகுள் தளங்களின் பெயரில் அனுமதியில்லாத சான்றுகள் வெளியானதை கூகுள் கண்டுபிடித்தது. மறுநாளே கட்டுப்பாட்டு அதிகாரி அந்தச் சான்றுகளுக்கான அதிகாரத்தை ரத்து செய்தார்.

சாட்சி சொல்பவரையும் யாராவது கண்காணித்தே ஆக வேண்டும் என்பதுதான் இதில் பாடம்.

ஏமாறாமல் இருக்க...

பிரிண்ட் எடுத்த பேப்பரில் டிஜிட்டல் கையெழுத்துக்கு உயிர் இல்லை. பேப்பரை யார் வேண்டுமானாலும் போட்டோஷாப்பில் மாற்றலாம். நிலம் வாங்குபவர்கள் காட்டிய பட்டாவை அப்படியே நம்பக் கூடாது. அதிலுள்ள குறிப்பு எண்ணை அரசின் இணையதளத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். சான்றிதழ்களுக்கும் இதே கதைதான்.

அடுத்தது ஓ.டி.பி. 2015 முதல் ஆதார் ஓ.டி.பி.யை வைத்தே மின் கையெழுத்துப் போடும் வசதி இருக்கிறது. அப்படியானால், "லோன் வாங்கித் தர்றேன், நம்பரைச் சொல்லுங்க" என்பவரிடம் அதைச் சொல்வது, வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம். கூலி வேலைக்குப் போகிறவர் பெயரில் கம்பெனி தொடங்கி, கோடிக்கணக்கில் வரி கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்த கதைகள் தமிழ்நாட்டில் உண்டு.

சிறு காண்ட்ராக்டர்கள் கையெழுத்து டோக்கனையும் பாஸ்வேர்டையும் அடுத்தவரிடம் கொடுத்து வைப்பதும் ஆபத்துதான். பறிபோனால் உடனே சான்று தந்த நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும் என்கிறது சட்டத்தின் 42-வது பிரிவு. பணம் போயிருந்தால் 1930-க்கு போன் போடலாம்.

டெல்லியில் இருக்கும் ஜாமீன்தாரர் நம் கையெழுத்துக்கு சாட்சி சொல்வார். அதை நாமே தூக்கிக் கொடுத்து விட்டால், அவரால் என்ன செய்ய முடியும்?