எல்லோருக்கும்னா யாருக்கு?

"தமிழ்லயே லிப்ரே ஆபிஸ் இருக்கு, அதுவும் சும்மா" என்று மைசூர்த் தமிழ்க் குடும்பங்களில் சொல்லிப் பாருங்கள். "அப்படியா சார்?" என்பார்கள். அதோடு சரி.

ஏன் இப்படி? மென்பொருளில் குறை என்று நான் சொல்ல மாட்டேன். யாருக்காக என்று யாரும் முடிவு செய்யவில்லை, அதுதான் குறை.

2005 ஏப்ரலில் மத்திய அரசு இலவசத் தமிழ் மென்பொருள் குறுந்தகடு வெளியிட்டது. எழுத்துருக்களோடு ஓப்பன் ஆபிஸின் தமிழ் வடிவமும் அதில் இருந்தது. யாருக்கு? தமிழர் எல்லோருக்கும்! எல்லோருக்கும் என்று இலை போட்டால் யார் வந்து உட்காருவார்கள், சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டைப் பாருங்கள். இங்கே கன்னட கணக பரிஷத் 'நுடி' செய்தது. கர்நாடக அரசும் அதை ஏற்றுக்கொண்டது. ஆபிஸ் குமாஸ்தா கன்னடத்தில் கடிதம் அடிக்க வேண்டும், குறி அவ்வளவுதான். கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் பள்ளிக்கூடத்தைக் குறி வைத்தது. ஆசிரியருக்குப் பயிற்சி, பையனுக்குப் பாடப்புத்தகம். கட்டற்ற மென்பொருள் வகுப்பறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

நம்ம ஆட்கள் எழுதும் கையேடு? 'கோப்பு' மெனுவில் தொடங்கி 'உதவி' மெனுவில் முடியும். அது மெனுவுக்கு எழுதிய உரை ஐயா, மனுஷனுக்கு எழுதியதல்ல.

என்னைக் கேட்டால் முதல் வாசகர், மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதும் அக்கா. தமிழ் படிப்பார், கூட்டல் கழித்தல் தெரியும், கன்னடமும் இங்கிலீஷும் வாசிக்க வராது. யாரோ போட்ட கணக்கில் கையெழுத்துப் போடுகிறார். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தினமும் பார்க்கிறேன்.

அவருக்கு முதல் பாடம் இதுதான்: ஒரு லட்சம் கடன், 12 சதவீத வட்டி, 12 மாதத் தவணை. அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்தால் மாதம் சுமார் 8,885 ரூபாய். மொத்த வட்டி 6,619. அதே 12 சதவீதத்தை முழு அசலுக்கும் கடைசி வரை போட்டால் மாதம் 9,333. வட்டி 12,000. சொல்வது என்னவோ இரண்டு இடத்திலும் "12 பர்சன்ட்" தான்! கால்க்கில் 'பிஎம்டி' என்ற சூத்திரத்துக்கு மூன்று எண் கொடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். 2025 பிப்ரவரியில் மைக்ரோ பைனான்ஸ் கெடுபிடி வசூலைத் தடுக்க கர்நாடக அரசு அவசரச் சட்டமே போட்டது ஞாபகம் இருக்கா? சட்டம் வந்து வாசலில் நிற்பதற்கு முன்பே இந்தக் கணக்கு வீட்டுக்குள் வந்திருக்க வேண்டாமா?

"அப்போ மாணவர், எழுத்தாளர், கடைக்காரர்?" என்பீர்கள். வரட்டும், ஒவ்வொருவராக. ஆளுக்கொரு கையேடு, பத்தே பக்கம். அக்காவுக்குப் புரிகிற மாதிரி எழுதினால் கடைக்காரருக்குப் பாதி புரிந்துவிடும். 'எல்லோருக்கும்' என்று எழுதினால் எழுதியவருக்கு மட்டும்தான் புரியும்.

தன்னார்வலர்களே, ராத்திரி கண் விழித்து மொழிபெயர்க்கிறீர்கள். கும்பிடுகிறேன். அடுத்த வரி தட்டுவதற்கு முன் ஒரே ஒரு முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த முகத்துக்குப் புரியாத சொல் எவ்வளவு தூய தமிழாக இருந்தாலும் வேண்டாம்.