ஃப்ளெக்ஸ் அடிக்கிறதுக்கு முன்னாடி

இந்தப் பக்கத்தைத் திறந்த உங்கள்ல பாதிப் பேருக்கு 'டீக்கன்'னா யாருன்னே தெரியாது. தப்பில்லை. ஞாயிறு தவறாம பூசைக்குப் போற எங்க வீட்டுலயே, ஃபாதர் ஆகுறதுக்கு முன்னாடி வர்ற ஏதோ ஒரு ஸ்டேஜ்னுதான் நினைச்சிட்டிருந்தோம். அந்த அரைகுறைப் புரிதலால எங்க அண்ணன் பட்ட கஷ்டத்தைப் பத்தித்தான் எழுதுறேன். நான் எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம், ஒற்றுப்பிழை இருந்தா எடிட்டர் அக்கா திருத்திடுவாங்க.

கத்தோலிக்கத் திருச்சபையில் பட்டம் பெற்ற பணியாளர்கள் மூன்று நிலையில் இருக்கிறார்கள். ஆயர், குரு, திருத்தொண்டர். (பட்டம்னா இங்க டிகிரி இல்லை.) திருத்தொண்டரைத்தான் டீக்கன்னு சொல்றோம். பைபிள்ல திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்துல இதோட தொடக்கத்தைச் சொல்வாங்க. தினசரி சாப்பாட்டுப் பங்கீட்டுல கிரேக்க மொழி பேசுற கைம்பெண்களைக் கவனிக்கலைன்னு புகார் வருது. அதைச் சரி பண்ண ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கிறாங்க. நம்ம ஹாஸ்டல் பாஷையில மெஸ் கமிட்டி. இன்னைக்கு ஒரு டீக்கன் திருமுழுக்கு கொடுக்கலாம், பூசையில நற்செய்தி வாசிச்சுப் பிரசங்கம் பண்ணலாம், கல்யாணத்தை நடத்தி வைக்கலாம், அடக்கச் சடங்கு செய்யலாம். பூசை வைக்க முடியாது, பாவசங்கீர்த்தனம் கேட்க முடியாது.

அமெரிக்கா மாதிரி நாடுகள்ல கல்யாணம் ஆனவங்களே நிரந்தர டீக்கனா இருக்காங்க. வேலைக்குப் போய்க்கிட்டே குறைஞ்சது 3 வருஷம் பயிற்சி எடுக்கணும். வயசு 35 ஆகியிருக்கணும், மனைவி சம்மதம் கட்டாயம். மனைவி 'வேணாம்'னா கதை அங்கேயே முடிஞ்சது. நம்ம ஊர்ல பெரும்பாலும் அப்படி இல்லை. குருவாகப் போறவங்க வழியில ஏறுற ஒரு படியாத்தான் டீக்கன் பட்டம் இருக்கு.

அந்தப் படிக்கு வர்றதுக்கே எவ்வளவு நாள்னு பாருங்க. எங்க பெரியம்மா பையன், எனக்கு அண்ணன், பன்னிரண்டாவது முடிச்சதும் குருமடத்துக்குப் போனாங்க. அப்போ நான் மூணாம் வகுப்பு. முதல்ல ஒரு வருஷம் தயாரிப்பு. அப்புறம் டிகிரி. அப்புறம் மெய்யியல், நடுவுல ஒரு வருஷம் ஒரு பங்குல தங்கிக் களப்பணி, அதுக்கப்புறம் இறையியல். திருச்சபைச் சட்டப்படி மெய்யியலும் இறையியலும் மட்டுமே குறைஞ்சது 6 வருஷம். அதுல 5ஆவது வருஷப் படிப்பை முடிச்ச பிறகுதான் டீக்கன் பட்டமே தர முடியும். அதுக்கு முன்னாடி வாசகர், பீடப்பணியாளர்னு ரெண்டு சின்னப் பொறுப்பு. பீடப்பணியாளர் ஆகி 6 மாசமாவது இடைவெளி விடணும்.

லீவுக்கு வரும்போதெல்லாம் அண்ணன்கிட்ட கேட்பேன், "அங்க என்னதான் பண்ணுவீங்க?" விடியக்காலை மணி, செபம், பூசை, வகுப்பு, தோட்ட வேலை, சாயங்காலம் வாலிபால், ராத்திரி ஆனா மௌனம். ஞாயிற்றுக்கிழமைகள்ல பக்கத்துக் கிராமத்துக்குப் போய்ப் பிள்ளைங்களுக்கு மறைக்கல்வி. இதுல என்னை ஆச்சரியப்படுத்தினது டைம்டேபிள் இல்லை. ஒவ்வொரு வருஷ முடிவுலயும் அவங்களை உட்கார வைச்சுப் பேசுவாங்களாம். இதுல தொடரணும்னு நீ உண்மையிலேயே நினைக்கிறியா? ஆன்மகுரு தனியா கேட்பார், அதிபர் தனியா கேட்பார். பதினோரு வருஷமும் இந்தக் கேள்வி. என்னை ஈசிஇ-யில சேர்க்கும்போது கவுன்சலிங்ல கட்-ஆஃப் மட்டும்தான் கேட்டாங்க.

சேர்ந்தவங்க எல்லாரும் பட்டம் வாங்குறதில்லை. அண்ணனோட சேர்ந்த பேட்ச்ல நிறைய பேர் நடுவுல பெட்டியைக் கட்டிட்டாங்க. சிலரை 'உனக்கு இது சரிப்படாது'ன்னு அனுப்பினாங்க, சிலர் தானாவே கிளம்பினாங்க. அண்ணன் இதைச் சொல்லும்போது குரல்ல எந்தக் கேலியும் இருக்காது. அங்க அது ஒரு சாதாரண முடிவு.

இப்போ எங்களுக்குத் தெரியாம இருந்த விஷயத்துக்கு வர்றேன். கல்யாணம் பண்ணிக்க மாட்டேன்கிற வாக்குறுதியை எப்போ கொடுப்பாங்கன்னு நினைக்கிறீங்க? ஃபாதர் ஆகுற அன்னைக்குன்னுதான் எங்க ஊர்ல எல்லாரும் சொல்வாங்க. இல்லை. டீக்கன் ஆகும்போதே கொடுத்துடுறாங்க. ஆயருக்குக் கீழ்ப்படிவேங்கிற வாக்குறுதியும் அன்னைக்கே. தரையில முகம் குப்புறப் படுத்திருக்க, சுத்தி எல்லாரும் புனிதர் மன்றாட்டு மாலை பாட, அப்புறம் ஆயர் தலைமேல கை வைக்கும்போது ஒரு சாதாரண ஆள் திருச்சபைச் சட்டப்படி குருகுலத்தைச் சேர்ந்தவரா மாறிடுறார். அதுக்கு முந்தின நாள் வரைக்கும் ஒரு பேக்கோட வீட்டுக்கு வந்துடலாம். அதுக்கு மறுநாள், அந்த வாக்குறுதியில இருந்து விடுபடணும்னா காகிதம் ரோமுக்குப் போகணும், போப் ஒருத்தர்தான் விடுவிக்க முடியும்.

ஈசிஇ ஆட்களுக்கு டக்குனு புரியும். இது டேப்-அவுட். ஃபேப்-க்கு அனுப்பின பிறகு சிப்புல ஒரு கேட்டைக்கூட மாத்த முடியாது. அதனாலதான் டிசைனை விட வெரிஃபிகேஷனுக்கு அதிக நேரம் செலவாகுது. வெரிஃபிகேஷன்ல பிரச்சினை கண்டுபிடிச்சவனை யாராவது திட்டுவாங்களா?

எங்க ஊர் திட்டுச்சு.

பொதுவா டீக்கன் பட்டத்துக்குப் பெரிய ஆரவாரம் இருக்காது. ஊரே திரள்றது குருப்பட்டத்துக்குத்தான். ஆனா எங்க தெருவுல இருந்து முதல் ஆள்ங்கிறதால டீக்கனுக்கே பந்தல் போடலாம்னு மாமா முடிவு பண்ணினாங்க. பெரியம்மா சீட்டு எடுத்தாங்க. ஆச்சி, அடுத்த வருஷம் குருப்பட்டத்துக்கு இரசக்கிண்ணம் என் செலவுன்னு அறிவிச்சாங்க. நான் அப்போ செகண்ட் இயர். ஃப்ளெக்ஸ் டிசைன் பண்ணது நான்தான். பத்துக்கு எட்டு. வெள்ளை அங்கியில அண்ணன், பின்னாடி புறா, கீழே சொந்தக்காரங்க எல்லாரோட பாஸ்போர்ட் சைஸ் முகம். 40 நாளுக்கு முன்னாடியே தெருமுனையில கட்டியாச்சு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல தினமும் கவுன்ட்டவுன் வேற போட்டேன்.

பட்டத்துக்கு முன்னாடி குறைஞ்சது 5 நாள் தியானம் இருக்கணும். அதோட தன் கைப்பட ஒரு அறிக்கையும் எழுதிக் கொடுக்கணும். யாருடைய கட்டாயமும் இல்லாம, நானா விரும்பி, வாழ்நாள் முழுக்க இந்தப் பணிக்கு என்னைக் கொடுக்கிறேன்னு அர்த்தம் வர்ற அறிக்கை. டைப் பண்ணி கையெழுத்துப் போடுறது இல்லை, கைப்பட எழுதணும். அண்ணன் பேப்பரும் பேனாவுமா ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தாங்களாம். 'நானா விரும்பி'ங்கிற இடத்துல கை நின்னுடுச்சு. விடிஞ்சதும் அதிபர்கிட்ட போய்ச் சொன்னாங்க. அவர் கோபப்படலை. டீ வரவழைச்சு, ஒரு மணி நேரம் கேட்டுட்டு, தலையில கை வைச்சு செபம் பண்ணி அனுப்பினார்னு அண்ணன் சொன்னாங்க.

ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கினா எதிர்ல அந்த ஃப்ளெக்ஸ். தன் முகத்துக்குக் கீழேயே பையோட நடந்து வந்தாங்க.

அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரிஞ்ச தமிழ்நாடு. 'என்ன தப்பு பண்ணினானோ, துரத்தி விட்டுட்டாங்க.' 'பொண்ணு விவகாரமா இருக்கும்.' பெரியம்மா மூணு மாசம் காலைப் பூசைக்குப் போகலை. ரெண்டு வருஷம் ஆச்சு. அண்ணன் இப்போ ஒரு ஸ்கூல்ல வேலை பார்க்கிறாங்க, பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். வரன் பார்க்கப் போன ரெண்டு இடத்துல 'குருமடத்துல இருந்து வந்தவரா?'ன்னு கேட்டுட்டுப் பேச்சை நிறுத்திட்டாங்க.

திருச்சபைச் சட்டத் தொகுப்புல 1026ஆவது சட்டம் ஒண்ணு இருக்கு. பட்டம் பெறச் சொல்லி யாரையும், எந்த விதத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் வற்புறுத்தக்கூடாதுன்னு அது சொல்லுது. தகுதியானவரைத் தடுக்கவும் கூடாதாம். 'எந்த விதத்திலும்'கிற வார்த்தையைப் படிச்சப்போ எனக்கு அந்தப் பத்துக்கு எட்டுதான் ஞாபகம் வந்துச்சு. நாங்க யாரும் அண்ணனை மிரட்டலை. சந்தோஷப்பட்டோம், அவ்வளவுதான். அந்தச் சந்தோஷத்தை எதிர்த்து ஒரு மனுஷன் உண்மை சொல்லணும்னா எவ்வளவு தைரியம் வேணும்னு யோசிச்சுப் பாருங்க. அந்தத் தைரியம் இல்லாம கையெழுத்துப் போட்டவங்களும் இருப்பாங்க இல்லையா? முப்பது வருஷம் விருப்பமில்லாத ஒரு ஃபாதரை ஒரு பங்கு சுமக்கிறதை விட, ஒரு பந்தல் அட்வான்ஸ் போறது மலிவு.

இதைச் சொன்னா வீட்டுல சண்டைக்கு வர்றாங்க. "ஊக்கம் கொடுக்கலைன்னா எந்தப் பையன் போவான்?"னு மாமா கேட்கிறாங்க. அதுல நியாயம் இருக்கு. பதினேழு வயசுல வீட்டை விட்டுப் போற பையனுக்கு ஊர் பின்னாடி நிக்குதுங்கிற நினைப்பு பெரிய பலம், அண்ணனே அதை ஒத்துக்கிட்டாங்க. நானும் வாழ்த்த வேணாம்னு சொல்லலை. லீவுக்கு வர்ற பிரதரை 'சாமி'ன்னு கூப்பிட்டு வாசல்ல நாற்காலி போடாதீங்க. கிரிக்கெட்டுக்குக் கூப்பிடுங்க. பந்தலைப் பட்டம் முடிஞ்ச சாயங்காலம் போடுங்க. திரும்பி வந்தா "சாப்பிட்டியா?"ன்னு கேளுங்க, "ஏன்?"னு கேட்காதீங்க. பங்குல ஒரு விஷயத்தையும் மைக்ல சொல்லலாம்: குருமடத்துல இருந்து வெளிய வர்றது பயிற்சி தோத்ததுக்கு அடையாளம் இல்லை, பல நேரம் அது ஒழுங்கா வேலை செஞ்சதுக்கு அடையாளம்னு.

நான் இன்னும் அண்ணன்கிட்ட ஸாரி கேட்கலை. ஒரு தடவை ஆரம்பிச்சேன். "டிசைன் நல்லாதான்டா இருந்துச்சு, ஃபான்ட் மட்டும் கொஞ்சம் பெருசு"ன்னு சிரிச்சுட்டாங்க.

வர்ற ஜூன்ல எங்க தெருவுல இருந்து இன்னொரு பையன் குருமடத்துக்குப் போறான். பன்னிரண்டாவது எழுதியிருக்கான். போன வாரம் அவன் மாமா எனக்கு மெசேஜ் போட்டிருந்தார்: 'தம்பி, பழைய ஃபைல் இருக்கா? முகத்தை மட்டும் மாத்தினா போதும்.' ஃபைல் லேப்டாப்ல இருந்துச்சு. அழிச்சுட்டு, பையனுக்கு ஃபோன் போட்டு ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சுக்கு வரச் சொல்லியிருக்கேன். அண்ணனும் வர்றாங்க.