கணினி எண்ணும் எழுத்து

எண்ணையும் எழுத்தையும் மக்களுக்கு இரு கண்களென நம் முன்னோர் போற்றினர். கணினி என்னும் யந்திரமோ எண் ஒன்றினாலேயே இயங்குவது. எழுத்தையும் அஃது எண்ணாகவே கொள்ளும். ஆதலின், ஒரு சொல்லிலுள்ள எழுத்துக்களை எண்ணிச் சொல்லுதல் அதற்கு மிக எளிய தொழிலாக இருத்தல் வேண்டுமென யாவரும் கருதுவர். உண்மை அவ்வாறில்லை. நிரல் எழுதப் பயிலும் நம் கலாசாலை மாணவர், தமிழ்ச் சொல்லொன்றைக் கொடுத்து, 'இதில் எழுத்து எத்தனை?' என்று கணினியை வினவும் நாளிலேயே இதனை அறிந்து மனஞ் சலிக்கின்றனர். அச்சலிப்பு நியாயமானதே. ஆயினும், அவர்கள் அதன் பழியைச் சுமத்தும் இடம் சரியானதன்று என்பது என் கருத்து.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்து, வ. புதுப்பட்டி என்னும் ஊர் உள்ளது. முன்னிற்கும் வகரத்தை விடுத்து, புதுப்பட்டி என்னும் பெயரை மட்டும் எடுத்துக்கொள்வோம். பு, து, ப், ப, ட், டி என அதில் ஆறெழுத்து உண்டென்று ஆரம்ப வகுப்புச் சிறுவனும் கூறுவான். பைத்தான் மொழியைக் கேட்டால் 11 என்கிறது; ஜாவாஸ்கிரிப்டும் அவ்வாறே. சி மொழியின் பழைய அளவுகோலோ, யூ.டி.எஃப்-8 முறையில் எழுதிய அதே பெயரை 33 என்று எண்ணும். பெயரைத் தலைகீழாக்குக என ஏவினால், 'டிட்பப்துபு' என வரவேண்டிய இடத்தில், பற்றுக்கோடற்ற இகரக் கொக்கியொன்று முன்னே தொங்க, 'ட்டப்புதுப' என்னும் விபரீதச் சொல் வெளிப்படும். பத்துக் குறிகளுக்கே இடமுள்ள கட்டத்தில் அப்பெயரை அடக்கினால், இறுதிக் கொக்கி அறுபட்டுப் 'புதுப்பட்ட' என நிற்கும்.

இஃது அற்ப விஷயமென்று சிலர் நகைக்கலாம். சொல்லைத் தலைகீழாக்குதல் நிரற்கலை பயில்வோருக்கு இடப்பெறும் முதற் பயிற்சிகளுள் ஒன்று. அது ஆங்கிலச் சொல்லுக்குப் பலித்துத் தமிழ்ச் சொல்லுக்குப் பொய்க்குமாயின், தன் தாய்மொழி இக்கலைக்கு உரியதன்று என்னும் எண்ணம் மாணவன் உள்ளத்தில் வேரூன்றிவிடும். யான் அஞ்சும் பெருங்கேடு இதுவே.

இதற்குக் காரணம் யாது? 1991ஆம் ஆண்டு வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு, இந்திய எழுத்துக்களைப் பொறுத்தவரை, நம் நாட்டில் 1988இல் வகுக்கப்பெற்ற இஸ்கி என்னும் குறிமுறையைத் தழுவியது. பல இந்திய மொழிகளின் எழுத்துக்களும் ஒரே சட்டத்துள் அடங்குமாறு அமைந்த முறை அது. அதன்படி தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பெற்றன; 247 எழுத்துக்களுக்கும் தனித்தனி இடம் இல்லை. உயிர்களும் அகரமேறிய மெய்களும் தனியிடம் பெற்றன. ஏனையவை அகரமேறிய மெய்யோடு கொக்கி, கொம்பு, புள்ளி முதலிய குறிகளைக் கூட்டி ஆக்கப்படுவன. நம் இலக்கணமோ மெய்யை முதலாக வைத்து, அதன்மேல் உயிர் ஏற உயிர்மெய் பிறக்கும் என்கிறது. கணினியில் 'ப' ஒரு குறி, 'ப்' இரு குறி. மெய்யினும் உயிர்மெய் சிறிதாயிற்று!

கேடு இவ்வளவில் நிற்பதில்லை. குறிகளின் எண்வரிசையில் னகரம் நகரத்தை அடுத்து நிற்பதால், வெறும் எண்வரிசைப்படி அடுக்கினால் 'மனை' முன்னும் 'மலை' பின்னும் வரும். அகராதியில் னகரமே மெய்களுள் இறுதியென்பதை அனைவரும் அறிவர். மேலும், 2005ஆம் ஆண்டில் 'ஶ' என்னும் எழுத்து ஒருங்குறியில் புதிதாய்ச் சேர்க்கப்பெற்றது. அது முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் என்னும் பெயரின் முதலெழுத்தை ஸகரங் கொண்டும் அமைக்கலாம், அப்புதிய எழுத்தைக் கொண்டும் அமைக்கலாம் என்றாயிற்று. எழுத்துருக்கள் பலவற்றில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றே; கணினிக்கோ வெவ்வேறு. ஒருவகையாற் பதிந்த பெயரை மற்றொரு வகையால் தேடினால், ஆண்டாள் பிறந்த அவ்வூரே இல்லையென்று விடை வரும்.

ஆகவே குறிமுறையையே மாற்றிவிடுக என்பாருமுளர். ஒவ்வோர் எழுத்துக்கும் தனிக்குறி தரும் டேஸ்-16 என்னும் முறையை, 2010ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றதும் உண்மை. அம்முறையில் எண்ணுதலும் பிரித்தலும் எளியவாதலை யானும் ஒப்புவேன். ஆனால் அது தனியார் பயன்பாட்டிற்கென விடப்பட்ட இடத்தில் அமைந்தது. அதனை அறியாத யந்திரத்திற்கு அவ்வெழுத்துக்கள் வெறுங் கட்டங்களே. ஒருங்குறியோ, ஒருமுறை இட்ட குறியை இடம் மாற்றுவதில்லை என்னும் விதியுடையது. இனி அவ்வாசலைத் தட்டிக்கொண்டே நிற்றல் வீண் காலப்போக்கு.

குற்றம் பெரும்பாலும் நிரல்மொழிகளிடத்தும், அவற்றைக் கையாளும் நம்மிடத்தும் உள்ளது. குறியை எண்ணி அதனை எழுத்தென்று கூறுதல், கட்டிலின் கால்களை எண்ணி உறங்குவோர் தொகை இதுவென்பது போலாம். இதனை ஒழித்தல் இயலாததன்று. 2014இல் வெளிவந்த ஸ்விப்ட் மொழி, மெய்யையும் அதனைச் சார்ந்த குறியையும் ஓரெழுத்தாகக் கொண்டு, புதுப்பட்டிக்கு 6 என்றே விடை தருகிறது. பைத்தானிலும் ஓப்பன்-தமிழ் என்னும் நூலகத்தின் துணைகொண்டு தமிழெழுத்துக்களைப் பிரிக்கலாம். க்ஷகரத்தை ஓரெழுத்தென்பதா, இரண்டென்பதா என்னும் ஐயம் போன்ற சில எஞ்சும். அவற்றைத் தீர்க்கவேண்டியவர் தமிழறிந்த நிரலாளரேயன்றி, கடல்கடந்த நாட்டிலிருந்து மொழி வகுப்போரல்லர்.

இவ்விடத்துப் பழைய செய்தியொன்று நினைவுக்கு வருகிறது. 1978ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு ணா, றா, னா, லை முதலிய பதின்மூன்று எழுத்துக்களின் வடிவத்தை மாற்றியது. அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிமை வேண்டுமென்ற கருத்தும் அதற்குத் துணையாயிருந்தது. அச்செழுத்து ஈயத்தால் ஆயது, தட்டச்சுப் பொறி இரும்பால் ஆயது. அவை வளையாவாதலின் எழுத்து வளைந்தது. இக்காலத்து மென்பொருளோ ஈயமுமன்று, இரும்புமன்று. மனிதன் எழுதிய சொற்களே அது. சொல்லால் ஆயதனைச் சொல்லால் திருத்தலாம். இனி எழுத்து வளைய வேண்டுவதில்லை. யந்திரமே வளைதல் வேண்டும்.

இதன்பொருட்டுப் பெரிய சபைகளை எதிர்நோக்க வேண்டுவதில்லை. நம் கலாசாலை நிரற்பயிற்சிக் கூடத்தில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினாற் போதும். மாணவன் எழுதும் நிரல் எதுவாயினும், ஆங்கிலப் பெயரோடு நில்லாது, தன் சொந்த ஊரின் பெயரைத் தமிழிற் கொடுத்தும் அதனைச் சோதித்தல் வேண்டும். அது பிழைபடுமாயின் அந்நிரல் முடிந்ததென்று ஆசிரியர் ஒப்புதலாகாது. இவ்வாறு பழகியவர் நாளை அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் நிரல் எழுதுங்கால், எளியவர் ஒருவர் பெயரும் கொக்கி இழந்து நில்லாது. வெகுண்டு பேசுதல் எவர்க்கும் எளிது. புதுப்பட்டி மாணவன் தன் ஊர்ப்பெயரைக் கொடுக்க, 'ஆறு' என்று கணினி விடை பகரச் செய்தலே கற்றவர் கடன்.