முதலில் விளக்கை மாற்றுங்கள்

திருமழிசைக்கு மகீசார க்ஷேத்திரம் என்று ஒரு பழம்பெயர் உண்டு. தவம் செய்யத் தக்க இடம் எதுவென்று முனிவர்கள் பிரம்மனிடம் கேட்டார்களாம். தேவதச்சன் ஒரு துலாக்கோல் செய்து, ஒரு தட்டில் உலகத்து நிலமனைத்தையும் மறுதட்டில் இவ்வூரையும் வைத்தானாம். இவ்வூர் இருந்த தட்டே தாழ்ந்ததாம். புராணத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். இங்குப் பிறந்த ஆழ்வாரைப் பற்றியும் குருபரம்பரைக் கதைகள் இதே பாங்கில்தான் பேசுகின்றன. சமணம், பௌத்தம், சைவம் என அந்நாளில் வழங்கிய சமயங்கள் பலவற்றையும் உட்புகுந்து கற்று, ஆய்ந்து, அதன் பின்னரே தம் முடிவுக்கு வந்தவர் என்பார்கள். ஊரும் சரி, ஊரின் பெரியவரும் சரி, எடைபோட்டுப் பார்த்தல் என்னும் ஒரு செயலோடு சேர்த்தே நினைக்கப்படுகிறார்கள்.

அவ்வூரிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலை வழியே சிறிது தொலைவில் ஒரு கல்லூரி. (பெயர் வேண்டாம், சொன்னால் அக்கல்லூரி மட்டுமே இப்படி என்று மற்றவை தப்பித்துக்கொள்ளும்.) அதன் உயிர்த்தொழில்நுட்ப ஆய்வகத்தைச் சென்ற ஆண்டு பார்க்க நேர்ந்தது. கதவில் புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: ‘இவ்வாய்வகம் எத்திடியம் புரோமைடு அற்றது, பாதுகாப்பானது.’ பெருமையோடு காட்டினார்கள். நான் அறிவிப்பைப் படித்துக்கொண்டிருக்கையில், உள்ளே ஆய்வக உதவியாளர் இரண்டு கண்களும் சிவந்து நீர்வடிய நின்றுகொண்டிருந்தார். “வெல்டிங் அடிச்ச மாதிரி இருக்கு சார், நேத்து ராத்திரிலேர்ந்து” என்றார். அறிவிப்புக்கும் அந்தக் கண்களுக்கும் இடையிலுள்ள தொலைவைப் பற்றியதே இக்கட்டுரை.

துறைக்கு அயலாரான நண்பர்களுக்காகச் சில சொற்கள். டி.என்.ஏ. துண்டுகளை அவற்றின் நீளத்துக்கேற்பப் பிரித்துப் பார்ப்பதற்கு அகரோஸ் என்னும் பொருளாலான ஒரு பாளத்தைப் பயன்படுத்துகிறோம். நோன்புக் காலத்தில் இனிப்புச் செய்யக் கடையில் வாங்கும் கடல்பாசி இருக்கிறதே, அதன் தூய்மைப்படுத்திய உறவுதான் அது. பாளத்தின் ஒரு முனையிலுள்ள சிறு குழிகளில் டி.என்.ஏ.வை விட்டு மின்சாரம் பாய்ச்சினால், எதிர்மின்னூட்டம் கொண்ட அத்துண்டுகள் நேர்முனையை நோக்கி நகரும். சிறியவை முந்தும், பெரியவை பிந்தும். ஆனால் டி.என்.ஏ. நிறமற்றது. எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரிய ஒரு சாயம் வேண்டும். எத்திடியம் புரோமைடு அப்படிப்பட்ட சாயம். டி.என்.ஏ. ஏணியின் படிகளுக்கிடையே தன் தட்டையான உடலை நுழைத்துக்கொள்ளும். புற ஊதாக்கதிர் பட்டால் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். 1972, 1973ஆம் ஆண்டுகளில் இம்முறை ஆய்வேடுகளில் வெளிவந்தபோது அதை வரவேற்றதற்கு ஒரு காரணம், டி.என்.ஏ.வைக் காண்பதற்குக் கதிரியக்கப் பொருளால் குறியிட வேண்டிய தேவை அதனால் நீங்கியது என்பது. இன்றைக்கு அரக்கனாகச் சித்திரிக்கப்படும் பொருள், வந்த நாளில் ஒருவகையில் ‘பாதுகாப்பான மாற்றாக’வே வந்தது. இதை மறந்துவிட வேண்டாம், பின்னர் தேவைப்படும்.

அரக்கன் எவ்வளவு பெரியவன்? ஏணிப்படிகளுக்கிடையே நுழையும் பொருள், படியெடுக்கும்போது பிழைகளை உண்டாக்கும் என்று அஞ்சுவது நியாயமே. புரூஸ் ஏம்ஸ் வகுத்த பாக்டீரியச் சோதனையில், எலியின் கல்லீரல் நொதிகளைச் சேர்த்துச் செய்தால் எத்திடியம் திடீர்மாற்றத்தைத் தூண்டுகிறது. அதே வேளையில், இதே பொருள் ஹோமிடியம் என்ற பெயரில் 1950களிலிருந்து ஆப்பிரிக்காவில் மாடுகளின் டிரிபனோசோம் நோய்க்கு ஊசிமருந்தாகப் போடப்பட்டு வந்தது. அளவு, கிலோ எடைக்கு 1 மி.கி. கணக்குப் போடுவோம். 300 கிலோ எடையுள்ள மாட்டுக்கு 300 மி.கி. ஆய்வகத்தில் பாளத்தை ஊறவைக்கும் கரைசலில் ஒரு மி.லி.க்கு 0.5 மைக்ரோகிராம், அதாவது ஒரு லிட்டருக்கு அரை மில்லிகிராம். அம்மாட்டுக்குப் போட்ட ஒரே ஊசிக்கு நிகரான சாயம் வேண்டுமானால் 600 லிட்டர் கரைசல் தேவை.

இந்தக் கணக்கைச் சொல்லி ‘எத்திடியம் வெறும் பூச்சாண்டி’ என்று கைகொட்டிச் சிரிக்கும் ஒரு கூட்டம் உண்டு. அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. மாட்டை முப்பது ஆண்டுகள் யாரும் கண்காணிப்பதில்லை. மேலும் 600 லிட்டர் கணக்கு நீர்த்த கரைசலுக்குப் பொருந்தும்; அலமாரியில் இருக்கும் செறிந்த கரைசல் ஒரு மி.லி.க்கு 10 மி.கி., நீர்த்ததைவிட 20,000 மடங்கு. தூளாக வாங்கினால் இன்னும் மோசம்: மூச்சில் கலந்தால் கடும் நச்சு என்று குப்பியின் மேலேயே மண்டையோட்டுப் படம் போட்டிருக்கும். அந்தத் தூளைக் காற்றாடிக்குக் கீழே வைத்துத் தராசில் நிறுத்த ஆய்வகங்களை நானே கண்டிருக்கிறேன். ஆகவே உண்மை இரு கூட்டத்துக்கும் நடுவே எங்கோ இருக்கிறது: நீர்த்த நிலையில் ஓரளவு அபாயம், தூளாக இருக்கையில் பேரபாயம். சாயத்தின் பெயர் மட்டும் இதைச் சொல்லாது.

சரி, அவர்கள் வாங்கிய மாற்றுச் சாயங்களின் கதை என்ன? ஸைபர் கிரீன் என்பதை எடுத்துக்கொள்வோம். தனியே சோதித்தால் எத்திடியத்தைவிடச் சாதுவானது. ஆனால் 2001இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், பாக்டீரியங்களில் புற ஊதாக்கதிரின் கேட்டை அது மேலும் பெருக்குவது தெரியவந்தது. அது டி.எம்.எஸ்.ஓ. என்னும் கரைப்பானில் கரைத்து விற்கப்படுகிறது. அக்கரைப்பானோ தோலை எளிதில் ஊடுருவுவது, தன்னில் கரைந்ததையும் உடனழைத்துச் செல்வது. ஜெல்ரெட் இன்னும் சுவையானது. அதன் மூலக்கூறு வேறொன்றுமில்லை, இரண்டு எத்திடியங்களை ஒரு பாலத்தால் இணைத்ததுதான்! பேருருவாக்கி, உயிரணுவின் சவ்வைத் தாண்டவிடாமல் செய்த தந்திரம் அது. தந்திரத்தைக் குறை சொல்லவில்லை, உண்மையில் அறிவார்ந்த வழியே. ஆனால் ‘எத்திடியம் அற்றது’ என்று கதவில் எழுதிவிட்டு உள்ளே இரட்டை எத்திடியத்தை வைத்திருப்பதை என்னவென்பது? ஸைபர் ஸேஃப் இவற்றுள் நல்ல மதிப்பெண் பெற்றது. உற்பத்தியாளரின் சோதனைகளில் எத்திடியத்தைவிட மிகக் குறைவாகவே திடீர்மாற்றம் காட்டியது. அக்கல்லூரி வாங்கியிருந்ததும் அதைத்தான். நல்ல தேர்வு.

ஆனால் அதைப் பார்த்தது எந்த வெளிச்சத்தில்? அதே பழைய புற ஊதா விளக்குப் பெட்டியில். 302 நானோமீட்டர். மேல்மூடியின் கீல் உடைந்து, மூடி சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. முப்பது மாணவர்களின் பாளங்களை ஒன்றன்பின் ஒன்றாக அதில் வைத்து, கைப்பேசியில் படமெடுக்கக் குனிந்து நின்றவர் அந்த உதவியாளர். பேராசிரியர் அல்லர்.

இந்த அலைநீளத்தின் குணம் உடனே வலிக்காதது. ஆறு, எட்டு மணி நேரம் கழித்து, நள்ளிரவில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டாற்போல் விழிப்பு வரும். திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டையில் பட்டறைகளில் நிற்பவர்களைக் கேளுங்கள், ‘வெல்டிங் அடிச்சிடுச்சு’ என்றால் என்னவென்று விளக்குவார்கள். அங்கே வெல்டர் ஒரு கையில் முகக்கவசத்தைப் பிடிக்காமல் வில்லைப் பற்றவைப்பதில்லை. பத்தாம் வகுப்பைத் தாண்டாத ஒருவர் அனுபவத்தால் அறிந்ததை, முனைவர் பட்டம் பெற்றவர்கள் நிறைந்த துறை அறியவில்லை. அல்லது அறிந்தும், கண் தம்முடையதன்று என்பதால் பொருட்படுத்தவில்லை.

ஆகவேதான் சொல்கிறேன்: முதலில் விளக்கை மாற்றுங்கள். 470 நானோமீட்டர் அளவிலான நீல ஒளி தரும் எல்.இ.டி. தட்டு, அதன்மேல் ஆம்பர் நிறக் கண்ணாடித் தகடு, இவ்வளவே. தகட்டின் வழியே பார்க்கும்வரை கண்ணுக்கு ஊறில்லை, தோல் கருகாது. ஓர் எளிய மின்னணுப் பட்டறையில் இதைச் செய்துகொள்ள முடியும். ஆய்வுக்கும் ஆதாயம் உண்டு: புற ஊதாக்கதிர் டி.என்.ஏ.வின் அடுத்தடுத்த தைமின்களை ஒன்றோடொன்று பிணைத்துச் சிதைக்கிறது. ஒரு நிமிடம் அதன்மேல் வைத்து வெட்டியெடுத்த துண்டு, பின்னர் குளோனிங்கில் ஒட்டாமல் போவது இதனால்தான். ‘லைகேஸ் சரியில்லை’ என்று நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியவர்களில் நானும் ஒருவன் (இளமையின் அறியாமை). நீல ஒளியில் எத்திடியம் மங்கலாகவே தெரியும். ஸைபர் ஸேஃப், ஜெல்கிரீன் வகைகள் நன்றாக ஒளிரும். எனவே விளக்கை மாற்றினால் சாயம் தானாக மாறும். சாயத்தை மட்டும் மாற்றினால் விளக்கு மாறாது. வரிசை தலைகீழாகிவிட்டதே இங்கு நேர்ந்த பிழை.

பணமில்லை என்பார்கள். கற்பிக்கும் ஆய்வகத்துக்கு ஒளிரும் சாயமே எதற்கு? மாணவன் பார்க்க வேண்டியது நான்கைந்து பட்டைகள். மெதிலீன் நீலம் போதும். சாதாரண வெளிச்சத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரியும். பால் எர்லிக் 1891இல் மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அதே நீலம். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் தொட்டிக்கு ஊற்ற விற்கிறார்களே, அது. (ஆய்வகத்துக்குத் தூய தரத்தில் வாங்குங்கள்.) எத்திடியத்துக்குச் சில நானோகிராம் டி.என்.ஏ. போதுமெனில் இதற்குப் பல மடங்கு கூடுதலாக வேண்டும், நிறம் நீக்கக் காத்திருக்க வேண்டும், மேசையும் விரலும் நீலமாகும். இருக்கட்டுமே. கிறிஸ்டல் வயலட்டையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். சிறுவயதில் வாய்ப்புண்ணுக்குத் தடவிய ஜென்ஷன் வயலட்தான் அது. ஆனால் அதற்குப் புற்றுநோய் அபாயம் இருக்கக்கூடுமென்று கனடா அரசு 2019இல் எச்சரித்தது. பழகியது என்பதால் ஒன்று பாதுகாப்பானதாகிவிடுவதில்லை.

இனிக் கழிவு. எத்திடியம் விஷயத்தில் என்னை உண்மையாக உறுத்துவது இதுதான். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி இத்தகையவற்றைத் தனியே சேர்த்து, 90 நாள்களுக்குள் உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். இப்பகுதிக்கு அது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கிறது. எத்தனை கல்லூரிகளின் பாளங்கள் கும்மிடிப்பூண்டி போகின்றன? பெரும்பாலான இடங்களில் நான் கண்டது கைகழுவும் தொட்டியும் பின்புறக் குப்பைக்குழியும்தான். இன்னும் சிலர், சுத்தம் செய்வதாக எண்ணி வெளுப்புக் கரைசலை ஊற்றுகிறார்கள். அவ்வினையில் உண்டாகும் பொருள்களும் திடீர்மாற்றம் தூண்டக்கூடியவை என்று 1980களிலேயே சுட்டப்பட்டுவிட்டது. செயலூட்டிய கரியில் வடிகட்டிக் கரியைத் தனியே எரிக்க அனுப்புவதே எளிய வழி. செய்வார் சிலரே. தெற்கே சென்னை குடிக்கும் செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. வடக்கே ஏற்கெனவே நொந்துபோன கூவம். 2020 மே மாதம் கோயம்பேட்டில் நோய் பரவியபோது காய்கறிச் சந்தையைப் பெயர்த்துக் கொண்டுவந்து திருமழிசையில் போட்டார்கள். மழையில் அது சேறாகிப்போனதை ஊரார் மறக்கவில்லை. அபாயத்தை ஒழிப்பதற்கும் அடுத்த இடத்துக்குத் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடு இப்பகுதியினருக்கு நன்றாகவே தெரியும்.

இவ்வளவுக்கும் விதை பள்ளியிலேயே போடப்படுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. உயிரியல் நூல், எத்திடியம் புரோமைடு இட்டுப் புற ஊதாக்கதிரில் பார்த்தால் ஆரஞ்சுப் பட்டைகள் தெரியும் என்கிறது. கண்ணைப் பற்றியோ கையுறையைப் பற்றியோ அவ்விடத்தில் ஒரு சொல் இல்லை. 2021ஆம் ஆண்டு நீட் தேர்வில் அப்பட்டைகளின் நிறத்தைக் கேட்டார்கள். பூவிருந்தவல்லியிலும் ஆவடியிலும் உள்ள பயிற்சி நிலையங்களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ‘பளிச்சிடும் ஆரஞ்சு’ என்று மனனம் செய்கிறார்கள். அந்த ஆரஞ்சைப் பார்ப்பதற்கு எதைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு வரி சேர்த்தால் நூலின் பக்கம் கூடிவிடுமா?

அக்கல்லூரிக்கு மீண்டும் ஒருமுறை போனேன். உதவியாளரின் கண் தேறிவிட்டது. இரண்டு நாளில் தானே ஆறியதாம், விடுப்பு எடுக்கவில்லையாம். விளக்குப் பெட்டியின் மூடி இன்னும் சுவரோரம் சாய்ந்தே இருந்தது. அடுத்த ஆண்டுக்கான கொள்முதல் பட்டியலைக் காட்டினார்கள். சாயம் இரண்டு குப்பி இருந்தது, முகக்கவசம் இல்லை. ஏன் என்று கேட்டேன். “அதான் ஸேஃப் ஸ்டெயின் வாங்கிட்டோமே சார்” என்றார் துறைத்தலைவர்.