நுவரெலியா–மஸ்கெலியா வாக்கை விளங்கிக்கொள்ள

ஒவ்வொரு தேர்தலும் முடிந்த கையோடு மலையகத்தைப் பற்றி ஒரே பேச்சு கிளம்புகிறது: தோட்டத்துச் சனம் தொழிற்சங்கம் காட்டுகிற சின்னத்துக்குத்தான் புள்ளடி போடும் என்று. நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியின் கதையை வரிசையாகப் பார்த்தால் அந்தப் பேச்சு எடுபடாது.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 தொகுதிகளை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா தெரிவானார்கள். மறு ஆண்டே தோட்ட மக்களை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டதும் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கின. 1952இல் அந்த 7 இடங்களில் ஒன்றுகூடக் காங்கிரஸின் கையில் மிஞ்சவில்லை.

பலர் கவனிக்காத ஓர் அநீதி இதற்குள் இருந்தது. மாகாணங்களுக்குத் தொகுதிகளைப் பங்கிடும்போது மொத்தக் குடித்தொகையே கணக்கில் எடுக்கப்பட்டது. நாடற்றவராக்கப்பட்டவர்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தார்கள். ஆசனம் கூடுவதற்கு அவர்களுடைய தலைகள் உதவின. அந்த ஆசனத்தில் யார் உட்காருவது என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை.

மறுபடி கதவு திறந்தது 1977இல். நுவரெலியா–மஸ்கெலியா மூன்று உறுப்பினர்களைத் தெரிவு செய்யும் தொகுதியாக வகுக்கப்பட்டிருந்தது. காமினி திசாநாயக்க, அநுர பண்டாரநாயக்க ஆகியோருடன் மூன்றாமவராகத் தொண்டமான் வென்றார். ஓர் உறுப்பினர் மட்டும் என்றிருந்தால் அன்று அவர் பாராளுமன்றம் போயிருக்க முடியாது. வாக்கு எவ்வளவு முக்கியமோ, அது எந்த எல்லைக்குள், எந்த முறையில் எண்ணப்படுகிறது என்பதும் அவ்வளவு முக்கியம்.

1978 அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. இன்று தொகுதி தனியாக யாரையும் அனுப்புவதில்லை. நுவரெலியா–மஸ்கெலியா, கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை ஆகிய நான்கின் வாக்குகளும் ஒன்றாகக் கூட்டப்பட்டு, மாவட்டத்துக்குரிய 8 ஆசனங்கள் கட்சிகளுக்குப் பிரிக்கப்படுகின்றன. வாக்காளர் முதலில் கட்சிக்கும், பிறகு அதே கட்சியின் மூன்று வேட்பாளர் வரை விருப்பு வாக்கும் அளிக்கலாம். மாவட்ட வாக்காளரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நுவரெலியா–மஸ்கெலியாவில்தான் இருக்கிறார்கள். ஆகவே மலையகக் கட்சிகள் பெரிய கட்சியின் பட்டியலில் சேர்ந்து, விருப்பு வாக்கைச் சிதறாமல் திரட்டின. இதைக் கண்மூடித்தனம் என்பது தவறு. முப்பது ஆண்டுகள் தன் வாக்கால் ஒருவரையும் தெரிவு செய்ய முடியாதிருந்த சமூகம், கிடைத்த வாக்கு வீணாகாமல் பார்த்துக்கொண்டது.

அந்த வாக்கு உறைந்து கிடக்கவும் இல்லை. 2020 பொதுத் தேர்தலில் பொதுஜன பெரமுன பட்டியலில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் (இ.தொ.கா.) இருவரை வெல்ல வைத்தது. எதிரணியில் தமிழ் முற்போக்குக் கூட்டணி மூவரைப் பெற்றது. 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் மாவட்டத்தில் முன்னிலை பெற்றவர் சஜித் பிரேமதாச. நவம்பர் பொதுத் தேர்தலில் அதே மாவட்டம் தேசிய மக்கள் சக்திக்கு 5 ஆசனங்களைக் கொடுத்தது.

ஆனால் எல்லைப் பிரச்சினை இன்னும் முடியவில்லை. நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் நெடுங்காலம் அளவுக்கு மீறிய சனத்தொகையைச் சுமந்தன. 2018 உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன்புதான் ஒவ்வொன்றும் மூன்றாகப் பிரிந்தது. மாகாண சபைகளுக்குத் தொகுதியும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்பு முறை 2017இல் சட்டமாகி, அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018இல் நிராகரித்தது. அதன் பிறகு மாகாண சபைத் தேர்தலே நடக்கவில்லை.

தொகுதி முறை எந்த வடிவில் திரும்பி வந்தாலும் மலையகம் கேட்க வேண்டியது இதுதான்: தோட்டங்களைத் துண்டாடி அயல் தொகுதிகளுடன் ஒட்டாதீர்கள், கலந்து வாழும் இடங்களில் 1977இல் போலப் பல அங்கத்தவர் தொகுதிகளை அமையுங்கள். வரைபடம் வரையப்படும் வேளையிலேயே இதைக் கேட்க வேண்டும்; தேர்தல் அறிவித்த பிறகு கேட்டுப் பயனில்லை.