நூல் மூட்டையைத் தூக்கிப் போடச் சொல்பவர்களுக்கு

வீட்டைக் 'கழிப்பது' எப்படி என்று பாடம் எடுக்கும் வீடியோக்கள் இப்போது தமிழிலும் வந்துவிட்டன. வெள்ளைச் சுவர், வெள்ளை அலுமாரி, ஒரே அளவில் பிளாஸ்டிக் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு லேபல். பேசுகிறவர் சிரித்துக்கொண்டே சொல்லுவார்: ஒரு வருஷமாகத் தொடாத பொருளா, வெளியே போடுங்கள். பாதியில் நிற்கும் கைவேலையா, அதை முதலில் போடுங்கள், அதுதான் உங்கள் மனதை அழுத்துது. எங்கள் பட்ச் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் சுற்றி வந்த ஒன்றில், பின்னல் வேலை செய்யும் ஒரு பெண்ணின் அறையைக் 'காப்பாற்றி'னார்கள். காப்பாற்றியது என்றால், மூட்டை மூட்டையாக நூலை வெளியே ஏற்றியது. அந்தப் பெண் அழுதா. ஆனந்தக் கண்ணீர் என்று கீழே எழுதியிருந்தார்கள்.

எனக்கு எரிச்சல் ஒழுங்கின் மேல் இல்லை. தேடும்போது 4 மில்லிமீற்றர் ஊசி கைக்கு வரவேணும் என்று எனக்கும் ஆசைதான். வேலை செய்யும் இடத்தையும் படம் எடுக்கும் இடத்தையும் ஒன்றாக்கிப் பேசுவதில்தான் எரிச்சல். தச்சன் பட்டறையில் பலகைத் துண்டு கிடந்தால் அது சரக்கு. கராஜில் பழைய போல்ட் நிறைந்த டப்பா இருந்தால் அது பாஸின் அனுபவம். வீட்டு மூலையில் ஒரு பொம்பளையின் நூல் பை இருந்தால் மட்டும் அது குப்பை. ஏன்?

ஒரு கம்பளிச் சட்டை எப்படி உருவாகுது என்று கொஞ்சம் பாருங்கள். முதுகு, முன்பக்கம், இரண்டு கை. பெரும்பாலும் தனித்தனியாகப் பின்னி, பிறகு பொருத்தித் தைத்து, கடைசியில் கழுத்து. பெரிய ஆளுக்கென்றால் 1000 மீற்றருக்கு மேல் நூல் போகும். கொழுந்து பறித்துவிட்டு வந்து, சமைத்து, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, மிஞ்சிய நேரத்தில் பின்னுகிறவருக்கு இது மாதக்கணக்கான வேலை. அந்த மாதங்களில் பார்வைக்கு அது என்ன? ஊசியில் தொங்கும் ஒரு துண்டு, கை இல்லாத ஒரு முதுகு, உருண்டு கிடக்கும் இரண்டு மூன்று பந்து. போடுகிற மாதிரி ஆகும்வரைக்கும் எந்தச் சுவெட்டரும் குப்பை மாதிரித்தான் இருக்கும். பாதி வேலையைக் கண்டதும் தூக்கிப் போடச் சொல்கிறவருக்கு முழு வேலை எங்கிருந்து வருகிறது என்பதே தெரியாது.

மிச்ச நூல் விஷயமும் இப்படித்தான். ஒரே கம்பனி, ஒரே நிறம், ஒரே இலக்கம், ஆனால் வேறு தொகுதியில் சாயம் போட்டது என்றால் நிறம் ஒரு சொட்டு மாறும். கடையில் கையில் வைத்துப் பார்த்தால் தெரியாது. சட்டையில் பின்னிய பிறகு முழங்கைக்குக் கீழே கோடு போட்ட மாதிரித் தெரியும். அதனால்தான் பின்னுகிறவர்கள் லேபலோடு கொஞ்ச நூலை எடுத்து வைப்பார்கள். நாலு வருஷம் கழித்து முழங்கை தேயும்போது அந்தச் சின்ன உருண்டைதான் சட்டையைக் காப்பாற்றும். நாலு வருஷமும் யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். ஒரு வருஷக் கணக்குக்காரரிடம் கேட்டால் அது முதலாம் வருஷமே வெளியே.

இன்னொன்று. வெட்டிய துணியைத் திரும்ப முழுத் துணியாக்க முடியாது. பின்னலைப் பிரித்தால் நூல் திரும்பக் கிடைக்கும். நுவரெலியா பேல் கடைகளில் பழைய சுவெட்டர் வாங்கிப் பிரித்து நூல் எடுக்கிறவர்களுக்கு ஒரு கண் இருக்கு. முதலில் சட்டையை உட்பக்கமாகத் திருப்பிப் பக்கத் தையலைப் பார்ப்பார்கள். ஓவர்லொக் அடித்திருந்தால் திரும்ப வைத்துவிடுவார்கள், ஏனென்றால் அது வெட்டித் தைத்தது, பிரித்தால் வரிசைக்கு வரிசை துண்டு துண்டாகத்தான் வரும். ஓரம் வெட்டுப்படாமல் சங்கிலி மாதிரிக் கோர்த்த தையல் என்றால், ஒரு முனையை உருவினால் நீளமாக வந்துகொண்டே இருக்கும். கதிரை முதுகில் சுற்றி, நனைத்து, கீழே ஒரு பாரம் கட்டித் தொங்கவிட்டால் சுருள் போகும். இந்த வேலை நடக்கும் வீட்டில் நாலு சுவெட்டர், கதிரையெல்லாம் நூல், கொடியில் ஈரச் சிக்கு. வீடியோ எடுக்க அழகாக இருக்காது, உண்மைதான்.

மாரி கொண்டோவைத் திட்டினால் உடனே சிலருக்குக் கோபம் வரும். அவர் தூக்கிப் போடுங்கள் என்று மட்டும் சொல்லவில்லை, மகிழ்ச்சி தருவதை வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னார் என்பார்கள். சரி. 2014இல் அவருடைய புத்தகம் ஆங்கிலத்தில் வந்தது, 2019 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் தொடர் வந்தது, அதே ஆண்டு நவம்பரில் அவருடைய ஒன்லைன் கடையும் வந்தது. வீட்டிலிருந்ததை எல்லாம் கழித்த கையோடு அங்கே போய் ஒரு இசைக்கவையும் ஸ்படிகக் கல்லும் அப்போது 75 டொலருக்கு வாங்கக்கூடியதாக இருந்தது. 2023இல், மூன்று பிள்ளைகளுக்குப் பிறகு, தன் வீட்டில் ஒழுங்குபடுத்தலை ஓரளவு கைவிட்டுவிட்டதாக அவரே சொன்னார். அதற்காக அவரைக் கேலி செய்ய மாட்டேன், அதுதான் அவர் சொன்னதிலேயே நேர்மையான பேச்சு. என் சண்டை அந்தக் கேள்வியோடு. இது மகிழ்ச்சி தருதா? மழைக்காலத்துக்கு முன் ஆறு குழந்தைத் தொப்பி முடித்துக் கொடுக்க வேண்டிய ஒருவரிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். மண்வெட்டியைக் கையில் பிடித்து மகிழ்ச்சி தருதா என்று யாரும் பார்ப்பதில்லை.

கழித்தது எங்கே போகுது என்பதை எந்த வீடியோவும் காட்டாது. வாசலோடு கமரா நின்றுவிடும். கானாவின் ஆக்ராவில் கன்டமான்டோ சந்தைக்குக் கிழமைக்குச் சுமார் 1 கோடி 50 இலட்சம் பழைய உடுப்புகள் வந்து இறங்குவதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. அங்கே அதற்கு 'செத்த வெள்ளைக்காரனின் உடுப்பு' என்று பெயர். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 2019இல் கொழும்புத் துறைமுகத்தில் பிரித்தானியாவிலிருந்து வந்த 263 கொள்கலன் கழிவு பிடிபட்டது. பாவித்த மெத்தை, கார்ப்பெட் என்று சொல்லி வந்தவை, உள்ளே வைத்தியசாலைக் கழிவும் இருந்தது. கடைசிக் கொள்கலன் திரும்பிப் போக 2022 ஆகிவிட்டது. அதற்கு முன்பே, 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று, மீத்தொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் செத்தார்கள். நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 'வூல்' பெரும்பாலும் அக்ரிலிக், அதாவது பிளாஸ்டிக். மண்ணில் போட்டால் மக்காது. 'வெளியே' என்று ஒரு இடம் இல்லை, இன்னொருத்தரின் வீட்டு வாசல்தான் இருக்கு.

இதற்காக நூல் சேர்ப்பவர்கள் எல்லாரும் புனிதர்கள் என்று சொல்ல வரவில்லை. சுவர் முழுக்க நிறம் நிறமாக அடுக்கி, அதற்கு முன்னால் உட்கார்ந்து பேசும் இன்னொரு வகை வீடியோவும் இருக்கு. ஆயுசு முழுக்கப் பின்னினாலும் முடியாத அளவு நூல் என்று அவர்களே தங்களைப் பகிடி பண்ணிக்கொள்வார்கள். பகிடி முடிந்ததும் அடுத்த பார்சல் வரும். அதுவும் கடைதான், வீட்டுக்குள் வைத்த கடை. கொட்டச் சொல்கிறவரும் வாங்கச் சொல்கிறவரும் எனக்கு ஒரே ஆள்தான். கொட்டினால்தானே திரும்ப வாங்கலாம்.

கவனமில்லாமல் சேர்த்து வைப்பதும் வைத்திருப்பதாக ஆகாது. மலையகத்து ஈரத்தில் மூட்டை கட்டி மூலையில் போட்ட நூல் பூஞ்சணம் பிடிக்கும். உண்மையான கம்பளியை அந்துப் பூச்சி அரிக்கும். அக்ரிலிக்கைப் பூச்சி தொடாது, எலி கூடு கட்டும். பாதியில் வைத்த பின்னலை ஊசியோடு மாதக்கணக்கில் விட்டால் அந்த வரிசை இழுபட்டுக் கோடு விழும். அதனால் ஊசியை உருவி, கண்ணிகளை ஒரு பழைய நூலில் கோர்த்து, எந்த இலக்க ஊசி, எத்தனையாவது வரிசை என்று ஒரு துண்டில் எழுதிக் குத்தி வைக்க வேணும். வருஷத்துக்கு இரண்டு தடவை வெயில் வரும் நாளாகப் பார்த்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து உதற வேணும். இதுவும் ஒழுங்குபடுத்தல்தான். இது தொழிலுக்காகச் செய்யும் ஒழுங்கு, வேலை தெரிந்த ஆள்தான் செய்யலாம்.

வேலை தெரியாத ஆள் செய்தால் என்ன நடக்கும் என்று என் பெரியம்மா வீட்டில் பார்த்தேன். மகன் கொழும்பில் வேலை. தீபாவளிக்கு வந்து, அம்மாவுக்கு நல்லது செய்வதாக நினைத்து, பெரியம்மா கோயிலுக்குப் போன நேரத்தில் இஸ்தோப்பில் இருந்த இரண்டு உரப்பையையும் டவுன் குப்பை டிரக்டரில் ஏற்றிவிட்டார். "அந்தக் குப்பையெல்லாம் எதுக்கும்மா, இப்ப வீடு எப்படி இருக்குன்னு பாருங்க." பெரியம்மா சத்தம் போடவில்லை. "அதுல ரெண்டு புள்ள செட்டுக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தேன் தம்பி" என்று மட்டும் சொன்னாங்க. பிஸ்கட் டின் ஒன்றும் அதற்குள் போயிருந்தது, 30 வருஷமாகச் சேர்த்த பொத்தான். 2022இல் டொலர் இல்லாமல் சாமான் விலையெல்லாம் ஏறிக் கிடந்தபோது அந்த வீட்டில் பால்மாவுக்குக் காசு வந்தது அந்த உரப்பைகளிலிருந்துதான். அண்ணனுக்கு அது தெரியாது. தெரியாத அளவுக்கு அமைதியாக அந்த வேலை நடந்திருக்கு.

வேர்ஜினியா வூல்ஃப் 1929இலேயே எழுதிவிட்டார், பெண் எழுத வேண்டுமென்றால் வருஷத்துக்கு 500 பவுணும் பூட்டுப் போட்ட ஒரு அறையும் வேணுமென்று. (பெயரில் வூல் இருப்பது தற்செயல்.) இதை நாங்கள் விரிவுரையில் படித்து, பரீட்சையில் எழுதி, புள்ளியும் வாங்குகிறோம். பின்னுவதற்கும் அறை வேணும் என்று எழுதினால் அது இலக்கியம் இல்லை, மனை முகாமை. லயத்துக் காம்பரா 10 அடிக்கு 12 அடி. அதற்குள் படுக்கை, சாமி, டிவி, பிள்ளையின் புத்தகம். அந்த வீட்டுப் பெண்ணிடம் போய் 'கிராஃப்ட் ரூமை' எப்படி அடுக்குவது என்று சொல்லிக் கொடுக்கிறது இணையம். அவரிடம் சாமான் கூடிப் போகவில்லை. சுவர்தான் குறைவு.

லயத்துக்குப் பதிலாகக் கட்டும் புதிய வீடுகளிலும் கதை பெரிதாக மாறவில்லை. இந்திய வீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி. லயத்தோடு பார்த்தால் பெரிய மாற்றம், மறுக்கவில்லை. ஆனால் படத்தை எடுத்துப் பாருங்கள்: படுக்கையறை, வரவேற்பறை, சமையலறை, கழிவறை. உறங்க, விருந்தாளியை இருத்த, சமைக்க, எல்லாவற்றுக்கும் இடமிருக்கு. அந்த வீட்டுக்குள்ளேயே ஒரு பெண் சம்பாதிப்பாள் என்று படம் வரைந்தவருக்குத் தோன்றவில்லை. வீடமைப்புப் பற்றி இங்கே எழுதும், கூட்டம் போடும், மகஜர் கொடுக்கும் தோழர்கள் அடுத்த தடவை இதையும் கேளுங்கள். தனி அறை கேட்கவில்லை. தலைக்கு மேலே, புகை படாத பக்கத்தில், ஒரு அடி ஆழத்தில் சுவர் நீளத்துக்கு ஒரு பலகைத் தட்டு. அதன் கீழே ஒரு கதிரை போடும் அளவு இடம். கறுப்பு நூலை ராத்திரியில் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் கண்ணி எண்ணிப் பின்னியவர்களுக்கு மூன்றாவது என்னவென்று சொல்லத் தேவையில்லை. அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல்.