துறைக்குத் துறை

“நீங்கள் பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே?” என்று காரியாலயத்து இலிகிதர் கேட்கிறார். எதிரே நிற்பவர் அறுபது வயதைக் கடந்தவர். பேரன் பேத்தி கண்டவர். அவர் பிறந்திருக்கிறார் என்பதில் அந்த இலிகிதருக்கே ஐயம் கிடையாது. ஆயினும் ஆள் நிற்பது போதாது. காகிதம் வந்து சாட்சி சொல்ல வேண்டும். கேட்கும் நமக்குச் சிரிப்பு வரலாம். அந்தக் காகிதத்துக்காக விடியற்காலையில் எழுந்து, பஸ் பிடித்து, வரிசையிலே கால் கடுக்க நின்று, “நாளைக்கு வாருங்கள்” என்ற சொல்லை மட்டும் பெற்றுக்கொண்டு வீடு திரும்புகிறவருக்குச் சிரிப்பு வராது. அவருக்கு ஒரு நாட் கூலி நட்டம். மறு நாளும் நட்டம்.

இலிகிதரைக் குறை கூறுவதிற் பயனில்லை. இன்று ஒருவர் வந்து நிற்கிறார். நாளை வேறொருவர் அதே பெயரைச் சொல்லிக்கொண்டு வரலாம். மெய்யர் யார், பொய்யர் யார் என்று முகத்தைப் பார்த்துத் தீர்மானிக்க அரசாங்கத்துக்கு ஞானதிருஷ்டி இல்லை. அதனாலேதான் 1867 ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டில் பிறப்பும் விவாகமும் மரணமும் பதிவேட்டில் எழுதப்பட்டு வருகின்றன. பதிவு வேண்டியதே. ஆனால் அப்பதிவு ஒரு காரியாலயத்தின் அலுமாரியில் உறங்க, அதைக் கேட்கும் காரியாலயம் இன்னோர் ஊரில் இருக்க, இரண்டுக்கும் நடுவே குடிமகன் தபாற்காரனாக அலைகிறானே, அதுதான் கொடுமை. அரசாங்கத்தின் ஒரு கையிலிருந்து வாங்கி அதன் மறு கையிலே கொடுக்கிறான். பஸ் கட்டணத்தையும் அவனே செலுத்துகிறான்.

தமிழிலே “துறை” என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஓடம் வந்து அணையும் இடமும் துறை. அரசாங்கத்தின் பிரிவும் துறை. திருகோணமலை மாவட்டத்துக் குறிஞ்சாக்கேணி மக்களுக்கு இவ்விரு துறைகளும் நெடுங்காலப் பழக்கம். கிண்ணியா நகருக்கும் அவ்வூருக்கும் நடுவே களப்பு நீர் கிடக்கிறது. கிண்ணியாவுக்கும் திருகோணமலைக்கும் நடுவிலும் நீர்தான். 2009 ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஏறத்தாழ 400 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, கச்சேரிக்குப் போகிறவர் முதலிலே படகுத்துறைக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு துறையில் ஏறி, மறு துறையில் இறங்கி, அதன் பிறகு அரசாங்கத் துறைகளின் வாசலில் நிற்பது அந்தப் பகுதியாரின் வழக்கமாக இருந்தது.

இப்படி நீரோடு வாழ்ந்தவர்களை நீரே வந்து அடித்த நாள் 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26. அன்றைய ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. கிண்ணியாவிலே கரையோரத்தில் இருந்த வைத்தியசாலையும் அலைக்கு இரையாயிற்று. உயிர் தப்பியவர்களிடம் உடுத்த துணி மிஞ்சியது. தகரப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருந்த பிறப்புப் பத்திரமும் காணி உறுதியும் பாடசாலைச் சான்றிதழும் பெட்டியோடு போயின. ஆனால் அந்த முதல் நாட்களில் எவரும் காகிதத்தைத் தேடவில்லை. “என் பிள்ளை எந்த முகாமில் இருக்கிறான்?” என்பதே தாய்மாரின் கேள்வி. அதற்கு விடை சொல்லக்கூடிய பட்டியல் ஒரே இடத்தில் இல்லை. பாடசாலையில் ஒன்று, பள்ளிவாசலில் ஒன்று, கோயிலில் ஒன்று, வைத்தியசாலையில் ஒன்று எனப் பட்டியல்கள் சிதறிக் கிடந்தன.

அவ்வேளையில் கொழும்பிலே நடந்த ஒரு நற்செயலை நம்மவர் பலர் அறியார். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசன் என்ற அமைப்பைச் சூழ்ந்து, கணினி வல்லுநர்களும் பல்கலைக்கழகத்தாரும் தொண்டர்களாக ஒன்றுகூடினர். அவர்கள் இரவு பகலாக இருந்து ஆக்கிய மென்பொருளின் பெயர் “சஹானா”. நிவாரணம் என்று பொருள்படும் சிங்களச் சொல் அது. காணாமற் போனவர் யார்? எந்த முகாமில் எத்தனை பேர்? எந்தத் தொண்டு நிறுவனம் எங்கே வேலை செய்கிறது? எங்கே என்ன பொருள் தேவை? இந்நான்கு கேள்விகளுக்கும் ஓரிடத்தில் விடை காண்பதே அதன் நோக்கம். ஒரு முகாமுக்குப் பத்து லொறி பழைய துணி வந்து குவிய, அடுத்த முகாமிலே குடிநீருக்குத் தவிக்கும் அவலத்தைக் கண்டவர்கள், இந்நான்கு கேள்விகளின் அருமையை உணர்வார்கள்.

சஹானாவை ஆக்கியவர்கள் அதற்கு விலை வைக்கவில்லை. எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று உலகத்துக்கே விட்டுவிட்டனர். 2005 இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியின்போதும், 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும், அதே ஆண்டு இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாப் பூமியதிர்ச்சியின்போதும் அது உதவிற்று. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூக நன்மைக்காக வழங்கும் விருது 2006 ஆம் ஆண்டுக்குச் சஹானாவைச் சேர்ந்தது. அதற்கு முந்திய ஆண்டு அவ்விருதைப் பெற்றது விக்கிப்பீடியா. அழுத கண்ணீர் காயுமுன் இந்தச் சின்னஞ்சிறு தீவிலே பிறந்த ஒரு பொருள், பிற நாட்டாரின் கண்ணீரைத் துடைக்கச் சென்றது நமக்குப் பெருமை அன்றோ?

இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. இயந்திரத்தைக் கொழும்பிலே செய்துவிடலாம். முகாமில் இருக்கும் தலைகளை எண்ணி, பெயரைச் சரியாக எழுதி, தினந்தோறும் அனுப்பி வைக்க ஊரிலே ஒருவர் வேண்டும். ஊரார் எண்ணாவிடில் இயந்திரம் வெறும் பெட்டி. பட்டியல்களை ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்ள மனமில்லாவிடில், எத்தனை இயந்திரம் வாங்கினாலும் அத்தனையும் புதிய அலுமாரிகளே.

பெயரைச் சரியாக எழுதுவது அத்தனை கடினமா என்று கேட்பீர்கள். கடினந்தான். முகம்மது, முஹம்மத், மொகமட் என ஒரே மனிதரை மூன்று காரியாலயங்கள் மூன்று விதமாக எழுதும். சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் போய்த் தமிழுக்குத் திரும்பும்போது அந்தப் பெயர் மேலும் ஓர் உருமாற்றம் அடையும். மனிதர் மூவரையும் ஒருவர் என்று கண்டுகொள்வார். கணினி மூவராகவே கொள்ளும். தமிழெழுத்துக்கு இன்னொரு தனித் துன்பமும் இருந்தது. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களிலே “அம்மா” என்று தட்டினால், திரையிலே அம்மா தோன்றுவாள். உள்ளே பதிவாவதோ நான்கைந்து ஆங்கிலக் குறிகள். அவ்வெழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் திறந்தால், அம்மா மறைந்து அந்தக் குறிகளே பல்லிளிக்கும். உலக எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வழங்கும் யூனிகோட் முறையிலே 1991 இலேயே தமிழுக்கும் இடம் கிடைத்தது. அம்முறையில் எழுதினாற்றான் ஒரு காரியாலயத்துத் தமிழை மற்றக் காரியாலயத்துக் கணினி வாசிக்கும். சிறிய விஷயமாகத் தோன்றலாம். தமிழில் விண்ணப்பம் எழுதித் தமிழிலே விடை பெறும் உரிமை, இந்தச் சிறிய விஷயத்தின் மேலேதான் நிற்கிறது.

அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொல்லுதல் நியாயமாகாது. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் அமைந்தது. 2006 இலிருந்து 1919 என்ற இலக்கத்தைச் சுழற்றினால், எந்தக் காரியத்துக்கு எந்தக் காரியாலயம், என்னென்ன பத்திரம் வேண்டும் என்று மூன்று மொழிகளிலும் கேட்டறிய வழி பிறந்தது. பிறப்பு, விவாக, மரணப் பத்திரங்களைக் கணினியில் ஏற்றிப் பிரதேச செயலகங்களிலே பிரதி வழங்கும் முறை வந்தது. 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 7 ஆம் நாள் மூன்று காரியங்கள் ஒருங்கே தொடங்கின. அரசாங்கக் கட்டணங்களைக் கைத்தொலைபேசி மூலமாகவே செலுத்தும் “கவ்பே” ஒன்று. வெளிநாடுகளில் வாழ்வோர் அங்குள்ள தூதரகத்தின் வழியாகவே பிறப்பு முதலிய பத்திரங்களைப் பெறும் ஏற்பாடு மற்றொன்று. மூன்றாவது, நோயாளருக்கு உதவும் ஜனாதிபதி நிதியத்துக்குக் கொழும்பு செல்லாமல், பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கும் வசதி. வளைகுடா நாட்டிலே உழைக்கும் மகனுக்கும், இருதய நோயாளி ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு கொழும்புப் பஸ்ஸுக்குப் பணம் தேடும் குடும்பத்துக்கும் இவற்றின் பெறுமதியை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

எஸ்தோனியா என்பது வட ஐரோப்பாவிலுள்ள ஒரு சிறு நாடு. 2001 ஆம் ஆண்டிலிருந்து அங்கே அரசாங்கத்தின் பல்வேறு பதிவேடுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு பொதுவழி இருக்கிறது. குடிமகனிடம் ஒரு துறை கேட்டுப் பெற்ற விவரத்தை மற்றத் துறை அவனிடம் மீண்டும் கேட்கக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. ஆளுக்குப் பதிலாக விவரம் பிரயாணம் செய்கிறது. நமக்கு இனி வேண்டியது இதுதான். துறைக்குத் துறை ஆள் அலையாமல், துறைக்குத் துறை செய்தி செல்ல வேண்டும்.

செய்தி செல்லாவிடில் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவர் உண்டு. 2021 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாளை நினைத்துப் பார்க்குமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். குறிஞ்சாக்கேணிப் பாலம் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்தமையால், மக்கள் இழுவைப் படகிலே களப்பைக் கடந்து வந்தனர். அன்று காலை பாடசாலைப் பிள்ளைகளும் ஏறியிருந்த அந்தப் படகு கவிழ்ந்தது. அன்றே ஆறு உயிர்கள் பிரிந்தன; சிறுவர்களும் அவர்களுள் இருந்தனர். புத்தகப் பையோடு வீட்டை விட்டுப் புறப்பட்ட பிள்ளை பள்ளிக்கூடம் போய்ச் சேரவில்லை. அதன் பின்பு, படகுக்கு அனுமதி கொடுத்தது யார், பாதுகாப்பைப் பார்த்திருக்க வேண்டியவர் யார் என்ற கேள்வி ஊரிலே எழுந்து பாராளுமன்றம் வரை சென்றது.

கணினி ஒன்று இருந்திருந்தால் அந்தப் படகு கவிழ்ந்திராது என்று நான் சொல்ல வரவில்லை. அவ்வாறு சொல்லுதல் அந்தத் தாய்மாரின் துயரத்தை அவமதிப்பதாகும். நான் சொல்வது வேறு. பாலம் கட்டுவது ஒரு துறையின் கோப்பு. படகு இன்னொரு துறையின் கோப்பு. அதில் ஏறும் பிள்ளை மூன்றாவது துறையின் இடாப்பிலுள்ள பெயர். மூன்றையும் ஒருசேரப் பார்க்கும் கண் வேண்டும். பாலம் முடிய எத்தனை மாதம், அதுவரை எத்தனை பிள்ளைகள் எப்படிக் கடப்பார்கள், அப்படகில் எத்தனை பேர் ஏறலாம் என்னும் விவரங்கள் எல்லோரும் பார்க்கக்கூடிய ஓரிடத்தில் இருந்தால், “எனக்குத் தெரியாது” என்று எவரும் தப்ப முடியாது. பெற்றோரும் அதைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். கேள்வி விபத்துக்குப் பின் எழுவதிலும் முன் எழுவது மேல்.

புதுமையில் ஆபத்தும் உண்டு. 2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அரசாங்க மின்னஞ்சல் அமைப்பைக் கப்பம் கேட்கும் கணினிக் கள்வர் தாக்கினர். மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட கடிதங்கள் மீட்கப்படாமலே அழிந்தன. மாற்றுப் பிரதி இருக்கவில்லை. தகரப் பெட்டியை அலை கொண்டுபோனதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? பிரதியை வேறோர் இடத்தில் வைத்திராத பெட்டி, தகரமானாலும் கணினியானாலும் ஒன்றே. மேலும், கைத்தொலைபேசி இல்லாத மூதாட்டிக்கும் எழுத்தறியாத மீனவருக்கும் காரியாலயத்திலே ஒரு மனித முகம் என்றும் இருந்தாக வேண்டும். ஓடம் எத்தனை விரைவாகச் சென்றாலும் கரையிலே இறங்குதுறை வேண்டாமா?

அந்த இறங்குதுறையை அமைப்பதில் நம் குடும்பங்களுக்கும் பங்குண்டு. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2002 ஆம் ஆண்டு “அக்ஷயா” என்றொரு திட்டம் தொடங்கிற்று. வீட்டுக்கு ஒருவரேனும் கணினி அறிந்தவராக வேண்டும் என்பதே அதன் குறிக்கோள். அரசாங்கம் திட்டம் போடும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. மாணவத் தம்பி தங்கையரே! இந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பிறப்புப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் பக்கத்திற் பக்கம் வைத்து, பெயரின் எழுத்துகள் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வாதவற்றைக் குறித்து வையுங்கள். திருத்தும் வழியைக் கேட்டறியுங்கள். ஒவ்வொன்றையும் படம் பிடித்து வேறோர் இடத்திலே பத்திரப்படுத்துங்கள். அந்நியர் கேட்டால் அனுப்பாதீர்கள். பின்பு அயல் வீட்டுப் பெரியம்மாவுக்கோ மூத்தும்மாவுக்கோ அதே உதவியைச் செய்யுங்கள்.

அடுத்த முறை அந்த மூதாட்டி காரியாலயத்துக்குப் போகும்போது, இலிகிதர் “பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே?” என்று கேட்காமல், “இருங்கள், இங்கேயே பார்த்துச் சொல்கிறேன்” என்று சொல்லட்டும். மத்தியானச் சோற்றுக்கு அவர் வீடு வந்து சேரட்டும். நாட்டின் முன்னேற்றத்தை அளக்க எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல் அதுவே.